கண்ணாடிக் காட்சி ஏன் பொய்யாகப் படுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் நாவலில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. புதிய கல்வியாண்டில் வகுப்புப் பிரிவு மாறுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிற நான்கு பெண்களின் கூட்டத்தில் சேர்வதற்காகத் தன் பேச்சு, சிரிப்பு, பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே வந்த தோழியை மெல்லக் கைவிடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் கண்ணாடி முன்னால் நின்று, "நான் நானாக இருப்பதே போதும்" என்று சொல்லிக்கொள்கிறாள். வரைவைப் படித்த பெரியவர்கள் இருவரும் பாராட்டினார்கள். பதினாறு வயது வாசகி மட்டும், "நல்லாதான் இருக்கு, ஆனா கடைசில யாரோ வந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள். இதை எப்படிச் சரிசெய்வது என்பது உங்கள் கேள்வி.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. பெரியவர்கள் பாராட்டியதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காட்சி அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் இப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று நாம் ஏங்குகிற வாக்கியம் அது. பதினாறு வயதில் இருப்பவளுக்கு அந்த ஏக்கம் கிடையாது. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழையும்போது நாயகி எந்த பெஞ்சில் போய் உட்காருவாள்? உங்கள் நாவல் அதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

இளையோர் நாவல்களின் கைப்பிரதிகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திக்கொடுத்து வருகிறேன். கண்ணாடி, மொட்டை மாடி, மழை, ரயில் ஜன்னல், இவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் நாயகி தனியாக நின்று தன்னை ஏற்றுக்கொள்ளும் காட்சி முதல் வரைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் 'தனியாக' என்ற சொல்லில்தான் கோளாறு. உங்கள் பெண் தன்னைத் தொலைத்தது ஆட்களுக்கு நடுவில். யாருமில்லாத அறையில் அது அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது என்றால் வாசகி நம்ப மாட்டாள். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எத்தனையோ இரவுகள் அவளும் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்திருப்பாள். காலையில் அது வேலை செய்யவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் இதைப் பற்றி எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் இறந்த பிறகு 1953இல் வெளியான விரிவுரைத் தொகுப்பில், பதின்பருவத்தின் வாசலில் வருகிற அந்த ஒரே ஒரு நெருங்கிய நட்பைப் பற்றிப் பேசுகிறார். இன்னொருவரின் சந்தோஷம் நம்முடைய சந்தோஷத்துக்கு நிகராக முக்கியமாகிப்போகிற முதல் உறவு அது என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். அந்த நண்பரின் கண் வழியாகத் தன்னைப் பார்க்க ஒரு பிள்ளைக்கு அப்போதுதான் முடிகிறது. தன்னைப் பற்றி மனத்துக்குள் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வைத்திருந்த கற்பனைகள் அங்கேதான் சரியாகின்றன. உங்கள் நாயகிக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரு கண்ணாடி கூட இருந்தது. அதைத்தான் அவள் கைவிட்டாள். சுவரில் மாட்டிய கண்ணாடி அதற்கு ஈடாகாது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் என் தோழியின் கையெழுத்தைப் பார்த்து நானும் அப்படியே எழுதப் பழகினேன். அவளுடையது கொஞ்சம் சாய்ந்திருக்கும், 'ழ'வின் சுழி நீளமாக இறங்கும். ஒரு நோட்டு முழுக்க எழுதி எழுதிப் பழகினேன். அடுத்த வருடம் நாங்கள் பேசாமல் போனோம். பழைய கையெழுத்துக்குத் திரும்பிவிடலாம் என்று பார்த்தால் அது வரவே இல்லை. இன்றைக்கும் என் 'ழ' அவளுடையதுதான். அது என்னுடையது இல்லையா? முப்பது வருடங்களாக நான் எழுதுகிற எழுத்து அது.

உங்கள் வரைவு ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. முகமூடிக்குக் கீழே உண்மையான முகம் ஒன்று பத்திரமாகக் காத்திருக்கிறது, முகமூடியைக் கழற்றினால் போதும் என்பது அது. பதினைந்து வயதில் அப்படி முடிந்துபோன முகம் எதுவும் இருப்பதில்லை. பழைய தோழி கொடுத்தது, புதிய கூட்டம் கொடுத்தது, வீட்டில் ஒட்டிக்கொண்டது, எல்லாம் கலந்துதான் அவள் உருவாகிக்கொண்டிருக்கிறாள். அதனால் "பழைய நானாகத் திரும்பிவிட்டேன்" என்கிற முடிவு உண்மையாக இருக்காது. அந்த நான்கு பெண்களிடமிருந்தும் அவள் எதையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவர்களோடு இருந்தபோதுதான் முதல்முறையாக மேடையேறிப் பேசினாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கூட்டத்தை விட்டு விலகிய பிறகும் அவள் மேடையேறலாம். அதை அவள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் அவள் விட வேண்டியது எது? திருத்தும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி இது: அவள் எந்தப் பொய்யை, யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? 'அடையாளத்தைத் தேடுகிறாள்' என்று எழுதினால் அது அட்டையின் பின்பக்கத்துக்குச் சரி, கதைக்குள் அதை வைத்து ஒரு பக்கம்கூட நகராது. திக்கிப் பேசுவதை மறைக்க எப்போதும் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறாள். அப்பாவுக்கு வேலை போனதை மறைக்கச் சுற்றுலாவுக்கு வராததற்கு வேறு காரணம் சொல்கிறாள். பழைய தோழியை, "பக்கத்து வீட்டுப் பொண்ணு, அவ்வளவுதான்" என்கிறாள். இப்படி நாவலுக்கு ஒரு பொய் வேண்டும். அது சின்னதாக இருக்கலாம், ஆனால் தினமும் புதுப்பிக்க வேண்டியதாக இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள் என்பது வாசகிக்குத் தெரிய வேண்டும். பிறகு ஒருநாள், குறிப்பிட்ட ஒருவரிடம், அவள் அதைச் சொல்வதை நிறுத்துகிறாள். தன்னை ஏற்றுக்கொள்வதை நாவலில் காட்டுவதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான். நிறுத்தும்போது அவளுக்கு ஏதோ ஒன்று இழப்பாகிறதா என்று பாருங்கள். உங்கள் கண்ணாடிக் காட்சியில் அவளுக்கு எந்த இழப்பும் இல்லை.

உங்கள் வரைவில் மூன்றாம் அத்தியாயத்திலேயே அப்படி ஒரு பொய் இருக்கிறது, நீங்கள்தான் அதைத் தொடராமல் விட்டுவிட்டீர்கள். படம் வரைகிற நோட்டைப் புதிய தோழிகள் எடுத்துப் பார்த்து, "யார் வரைஞ்சது?" என்று கேட்கும்போது, "தங்கச்சி" என்று சொல்லிவிடுகிறாளே, அந்த இடம். படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த நோட்டு எங்குமே வரவில்லை. மொத்த நாவலையும் அந்த நோட்டின் மேல் கட்டலாம்.

'நான் யார்?' என்று தடுமாறுகிற நிலையைக் குறிக்கும் 'அடையாள நெருக்கடி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். அவருடைய வாழ்க்கையே நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பாடம். 1902இல் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். பெற்ற தந்தை யார் என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. அம்மா மறுமணம் செய்துகொண்ட மருத்துவர்தான் அப்பா என்று சொல்லியே வளர்த்தார்கள். உயரமும் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்ததால் யூதர்களின் வழிபாட்டுப் பள்ளியில் வேற்று ஆள் என்று கேலி. வெளிப் பள்ளியிலோ யூதன் என்று கேலி. பின்னாளில், 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று தனக்குத் தானே ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் என்று அதற்குப் பொருள். இரண்டு பள்ளிகளில் இரண்டு விதமான கேலி, வீட்டில் ஒரு பொய், கடைசியில் ஒரு பெயர். அடையாளம் என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கைக்குத் தட்டுப்படுகிற விஷயங்கள் இருந்தன. நீங்கள் தேட வேண்டியதும் இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

எரிக்சனைத் தொடர்ந்து உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல், அடையாளத்தைத் தேடுகிற நிலைகளுக்கு ஒரு பகுப்பைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு நிலைகள் உங்களுக்கு உதவும். ஒன்று, எதையும் முடிவு செய்யாமல் பலவற்றையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்கும் நிலை. இன்னொன்று, முயன்றே பார்க்காமல், பெரும்பாலும் வீட்டில் கொடுத்ததை அப்படியே வாங்கி, "நான் இப்படித்தான்" என்று கதவைச் சாத்திக்கொள்ளும் நிலை. உங்கள் நாயகி தடுமாறுகிறாள், வேஷம் மாற்றுகிறாள். அதனால் அவளைத் தவறு செய்கிறவளாகவே வைத்துவிட்டீர்கள். பழைய தோழி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மாறாமல் இருக்கிறாள். அவளை உயர்ந்தவளாக வைத்துவிட்டீர்கள். மார்சியாவின் கண்ணோடு பார்த்தால் தேடிக்கொண்டிருப்பவள் நாயகிதான். அந்தத் தோழி கேள்வியே கேட்டுக்கொள்ளாதவளாகவும் இருக்கலாம். "நான் மாறவே மாட்டேன்" என்பது பயமாகவும் இருக்கலாம் இல்லையா? இப்படி எழுதிப் பாருங்கள், அந்தத் தோழி உடனே உயிர் பெற்றுவிடுவாள். இப்போது அவள் நாயகியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக மட்டும் வந்துபோகிறாள்.

அந்த நான்கு பெண்களையும் மறுபடி எழுத வேண்டும். தலைவி ஒருத்தி, "எங்களோட இருக்கணும்னா அவளோட பேசக்கூடாது" என்று நிபந்தனை போடுகிற காட்சி இருக்கிறதே, அது சினிமாவில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போன காட்சி. நிஜத்தில் பெரும்பாலும் யாரும் எதையும் சொல்வதில்லை. 2011இல் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கார் ஓட்டும் கணினி விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரியும்போது நிறுத்துவதா, பாய்ந்து கடப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து திரையில் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது பதின்பருவத்தினர் கூடுதலாகத் துணிந்து பாய்ந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பார்க்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. உங்கள் காட்சியிலும் தலைவி வாயே திறக்க வேண்டாம். பழைய தோழி எதிரே வருகிறாள், கை அசைக்கிறாள், நான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு நாயகியைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். நாயகி தானாகவே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்குவாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் பிற்பாடு இரவில் அவளைத் தூங்கவிடாது. நிபந்தனைக் காட்சி வைத்தால் அந்தக் குற்ற உணர்ச்சியை நீங்களே அவளிடமிருந்து பறித்துவிடுகிறீர்கள்.

ஒதுக்கப்படுவதற்கும் பெரிய சண்டை தேவையில்லை. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த இருவரின் வீசு தட்டு (ஃபிரிஸ்பீ) அவரருகே வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி வீசினார். அவர்கள் அவருக்கும் வீச, மூன்று பேர் ஆட்டமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர், சில நிமிட விளையாட்டு. ஆனாலும் அது அவரைக் குத்தியது. அதிலிருந்துதான், 2000ஆம் ஆண்டில், திரையில் மூவர் பந்து வீசிக்கொள்ளும் சோதனை உருவானது. நமக்குப் பந்து வராமல் போகும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். எதிரில் ஆடுவது வெறும் கணினி என்று முன்கூட்டியே சொன்னாலும் வலித்தது. தாங்கள் வெறுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் ஒதுக்குகிறார்கள் என்றாலும் வலித்தது. இந்தக் கடைசி விஷயத்தை உங்கள் நாயகிக்குக் கொடுங்கள். அந்த நான்கு பேரையும் தனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும், அவர்கள் தன்னைச் சேர்க்காமல் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து அவள் உள்ளுக்குள் சுருங்கட்டும். இது ஏன் என்று அவளுக்கே புரியாமல் இருக்கட்டும். பதினாறு வயது வாசகி அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவாள், ஏனென்றால் அவளும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

உளவியலாளர் டேவிட் எல்கைண்டு 1967இல் சொன்ன 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்ற கருத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எப்போதும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற உணர்வு. முகத்தில் ஒரு பரு வந்தால் மொத்தப் பள்ளிக்கும் அதுதான் வேலை என்று தோன்றும். உங்கள் வரைவு இந்த இடங்களில் எல்லாம் லேசாகச் சிரிக்கிறது. தயவுசெய்து சிரிக்காதீர்கள். உள்ளே இருப்பவளுக்கு அது மிகைப்படுத்தலாகத் தெரியாது. அவள் பார்க்கிறபடியே எழுதுங்கள். வாசகியின் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றைச் சிரிப்பில்தான்.

இப்போது நட்பு முறிவுக்கு வருகிறேன். உங்கள் நாவலின் இதயம் இதுதான் என்று நினைக்கிறேன், நீங்கள் இதற்கு ஆறு பக்கங்களே கொடுத்திருக்கிறீர்கள். காதல் முறிந்தால் அதைச் சொல்ல வார்த்தைகள் இருக்கின்றன, பாட்டுகள் இருக்கின்றன, ஆறுதல் சொல்ல வருகிறவர்கள்கூட இருக்கிறார்கள். நட்பு முறிந்தால் எதுவும் கிடையாது. "உங்களுக்குள்ள சண்டையா?" என்று வீட்டில் கேட்பார்கள். "இல்லையே" என்பாள். அது உண்மையும்கூட, சண்டையே நடக்கவில்லை. என்றைக்கு முடிந்தது என்று தேதி சொல்ல முடியாது. யார் முதலில் நிறுத்தினார்கள் என்றும் சொல்ல முடியாது. துக்கம் மட்டும் இருக்கும், அதற்குப் பெயர் இருக்காது. பெரியவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்காத ஒரு புத்தகம் கிடைத்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய துணை தெரியுமா?

வள்ளுவர் நட்பைப் பேச அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கினார். அதில் கடைசி இரண்டும் தீ நட்பு, கூடா நட்பு. நட்பைக் கொண்டாடியதோடு நிறுத்தாமல், முகத்தளவில் நின்றுவிடுகிற உறவைப் பற்றியும் பத்துக் குறள் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாம் பிள்ளைகளிடம் கொண்டாட்டப் பகுதியை மட்டும்தான் சொல்கிறோம். உங்கள் நாயகியிடம் இருப்பது வெளியிலிருந்து வந்த கூடா நட்பு மட்டும் இல்லை என்பதையும் கவனியுங்கள். பழைய தோழியோடு பழகும்போதும் அவள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாகத்தான் இருக்கிறாள். ஐந்தாவது அத்தியாயத்தில் அந்தத் தோழியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு மணி பார்த்துக்கொண்டே இருக்கிறாளே, அங்கே. அதை நீளமாக எழுதுங்கள். அவள் சிரிக்கிறாள், கேக் வெட்டும்போது கை தட்டுகிறாள், மேசைக்குக் கீழே போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தோழிக்கும் தெரிகிறது. தெரியாத மாதிரி இருக்கிறாள். இருவரும் நடிக்கிற ஒரு மாலை.

முறிவை எழுதத் தமிழில் நமக்கு ஓர் அருமையான கருவி இருக்கிறது. விளிக்கிற விதம். 'டி' போட்டுப் பேசிக்கொண்டிருந்தவள் ஒருநாள் 'டி' இல்லாமல் பேசுகிறாள். அடுத்த வாரம் செல்லப் பெயர் போய் முழுப் பெயர் வருகிறது. அப்புறம் பெயரும் போய், "இங்க பாரு", "ஒரு நிமிஷம்" என்று ஆகிவிடுகிறது. கடைசியில், "அவங்ககிட்ட கேட்டுக்கோ" என்று மூன்றாம் ஆளிடம் மரியாதை விகுதியோடு சொல்வாள் பாருங்கள், அந்த மரியாதையைவிடக் கொடுமையான அடி வேறு இருக்காது. இதற்கு விளக்கமே எழுத வேண்டாம். நாவல் முழுக்க இந்த விளிகளை மட்டும் கவனமாக வைத்துக்கொண்டு போனால் போதும், வாசகி ஒவ்வொரு படியையும் கேட்டுவிடுவாள். திரும்பச் சேர்கிற இடத்திலும் மன்னிப்பு வசனம் தேவைப்படாது. கோபமாகவே என்றாலும், அந்த 'டி' ஒருமுறை திரும்பி வந்தால் போதும்.

நடையைப் பற்றி இரண்டு வார்த்தை. நீங்கள் 'நான்' என்று அவள் குரலில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவள் முப்பத்தைந்து வயதிலிருந்து திரும்பிப் பார்க்கிறவள் மாதிரிப் பேசுகிறாள். அறிவுரை கசிவது இந்த இடைவெளி வழியாகத்தான். அமெரிக்காவில் எஸ். ஈ. ஹிண்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைப் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். 1967இல் அது வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. எழுதியது பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் சொன்னதால்தான் பெயரின் முதலெழுத்துகளோடு வெளியிட்டார். பையன் ஒருவனின் குரலில் ஒரு பெண் எழுதிய கதை அது. ஆனாலும் வயது பொய் சொல்லவில்லை. எழுதியவருக்கே இன்னும் முடிவு தெரியாத வயது. நமக்கு அந்த வசதி இல்லை. நாம் அந்த வயதைத் தாண்டிவிட்டோம், அதனால் கவனமாகத் தெரியாதவர்களாக இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு நேரடியான வழி சொல்கிறேன். உங்கள் கோப்பில் 'புரிந்தது', 'உணர்ந்தேன்', 'தெரிந்துகொண்டேன்' என்ற மூன்று சொற்களையும் தேடுங்கள். நான் படித்த வரைக்கும் எக்கச்சக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். "நான் அவளை எவ்வளவு காயப்படுத்திவிட்டேன் என்று புரிந்தது" என்பதற்குப் பதில், "தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்" என்று வந்தால் போதும். 'இதயம் நொறுங்கியது', 'மனம் கனத்தது' எல்லாம் அவள் வயதுக்கு இரவல் சொற்கள். இன்றைய கொச்சை வார்த்தைகளை அள்ளிப் போடவும் வேண்டாம். அவை சீக்கிரமே பழசாகிவிடும், பிறகு யாரோ பெரியவர் சின்னப் பிள்ளை வேஷம் போட்ட மாதிரி இருக்கும். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். யோசனையைப் பாதியில் நிறுத்தி வேறு எங்காவது தாவ விடுங்கள். அந்த வயதின் ஓசை அப்படித்தான் வரும்.

பாட்டி, ஆசிரியை, ஆலோசகர் மூவரும் ஆளுக்கு ஒரு ஞானம் சொல்கிறார்கள். ஒருவர் போதும். அவரும் தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது.

நாயகியின் நிறத்தையும் உடல்வாகையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அவற்றை வைத்துக்கொள்வதா விடுவதா என்று. வைத்துக்கொள்ளுங்கள். ருடின் சிம்ஸ் பிஷப் என்ற கல்வியாளர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், பிள்ளைகளுக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும், உள்ளே நுழைந்து போகக்கூடிய கதவாகவும் இருக்க வேண்டும் என்றார். படிக்கிற புத்தகம் எதிலுமே தன்னைப் போன்ற ஒருவர் வராதபோது, தனக்கு இந்த உலகத்தில் என்ன மதிப்பு என்பதைப் பற்றி ஒரு பிள்ளை தவறான பாடத்தைக் கற்றுக்கொள்கிறது என்பது அவருடைய கவலை. அதனால் அந்த நிறம் கதையில் தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினையாக மட்டும் வரக் கூடாது. நாயகி சிரிக்கும்போதும், தப்பு செய்யும்போதும், பசிக்கும்போதும் அதே நிறத்தில்தான் இருக்கிறாள். நீங்கள் நாவலுக்குள் வைத்த கண்ணாடியை எடுத்துவிட்டாலும் குறைவில்லை, அந்த வாசகிக்குப் புத்தகமே அந்த வேலையைச் செய்யும்.

சரி, கண்ணாடிக் காட்சிக்குப் பதிலாக என்ன வைப்பது? முடிவு உங்களுடையது, நான் ஒரு வழியை மட்டும் காட்டுகிறேன். படம் வரைகிற அந்த நோட்டு திரும்ப வரட்டும். நான்கு பேரில் ஒருத்தி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "உன் தங்கச்சியை எனக்கும் ஒண்ணு வரைஞ்சு தரச் சொல்லேன்" என்கிறாள். பழைய தோழி பக்கத்து வரிசையில் இருக்கிறாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும், இவளுக்குத் தங்கையே கிடையாது என்று. அவள் காட்டிக்கொடுக்கலாம். காட்டிக்கொடுக்கவில்லை, நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். நாயகி, "நான்தான் வரைஞ்சேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்கிறாள். அதற்குப் பிறகு யாரும் கை தட்ட வேண்டாம். ஒருத்தி, "அப்ப ஏன் பொய் சொன்ன?" என்று கேட்கட்டும். அதற்கு நாயகியிடம் பதில் இல்லாமல் இருக்கட்டும். அந்த நால்வரில் ஒருத்திக்கு உண்மையிலேயே அந்தப் படங்கள் பிடித்துப்போகலாம், மற்ற மூவரும் விலகலாம். பழைய தோழி உடனே வந்து கட்டிக்கொள்ளவும் கூடாது. ஒரு வருட அலட்சியத்துக்கு ஒரு நிமிடத்தில் மன்னிப்பு கிடைத்தால் அந்தத் தோழியை நீங்கள் மறுபடியும் சின்னதாக்கிவிடுகிறீர்கள். மணி அடித்து எல்லோரும் எழும்போது, "மூக்கு சரியா வரலடி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் படங்களில் மூக்கு சரியாக வந்ததே இல்லை என்பதை முதல் அத்தியாயத்திலேயே எங்காவது விதைத்துவிடுங்கள்.

திருத்தி முடித்ததும் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். அதே பதினாறு வயதுப் பெண்ணிடம் கொடுங்கள், கடைசி அத்தியாயம் இல்லாமல். படித்துவிட்டு, அந்தத் தோழி மறுநாள் என்ன செய்வாள் என்று நினைக்கிறாய் என்று அவளிடம் கேளுங்கள். நாயகியைப் பற்றிக் கேட்காதீர்கள், தோழியைப் பற்றிக் கேளுங்கள். அவள் யோசித்துப் பதில் சொன்னால் நாவல் நிற்கிறது. தோளைக் குலுக்கினால், பிறந்தநாள் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி எழுதுங்கள்.